சினை நிற்காத மாடு

அமிர்திக்கு நான் போனது அத்தையின் மாட்டை விற்கச் சொல்வதற்காக. மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. "நீ சொன்னாத்தான் கேப்பா" என்று அப்பா பெங்களூருக்கு ஃபோன் செய்தார். வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலையின் அடிவாரம். வண்டியை நிறுத்தும்போதே அத்தை கேட்டாள்: "உங்கப்பன் அனுப்பிச்சானா? மலட்டு மாட்டுக்குத் தீனி எதுக்குன்னு சொல்லியிருப்பானே."

அந்தச் சொல்லை அத்தை சொன்னால் நான் வேறு பக்கம் பார்ப்பேன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். அவள் முதுகுக்குப் பின்னால் அந்தச் சொல்லைச் சொன்னவர்களில் என் பாட்டியும் உண்டு. ஐந்தாம் வகுப்புவரை என்னை வளர்த்தது அத்தைதான்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். ஒன்று ஓடவில்லையென்றால் முதலில் என்ன நேரத்தில் என்ன நடந்தது என்றுதான் பார்ப்பேன். அத்தையின் தினசரிக் காலண்டரில் எல்லாம் இருந்தது. மூன்று முறையும் சாயங்காலம் மாடு கத்தியிருக்கிறது. மறுநாள் சாயங்காலம்தான் ஊசி போட ஆள் வந்திருக்கிறார்.

பசுவுக்குச் சராசரியாக 21 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும். அறிகுறிகள் 12 முதல் 18 மணி நேரம் இருக்கும். அவை அடங்கி 10, 12 மணி நேரம் கழித்துத்தான் முட்டை வெளிவரும். அது சில மணி நேரமே தாங்கும். விந்தணு உள்ளே போய்த் தயாராகவும் சில மணி நேரம் வேண்டும். அதனால்தான் காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில் ஊசி என்று ஒரு கணக்கு. 1940களில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் டிரிம்பெர்கர் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. இந்தியாவில் இந்த வேலை 1939இல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத் குமாரன் கையால் தொடங்கியது.

இதில் என்னை உறுத்துவது இன்னொன்று. உறைவிந்து நிலையத்தில் காளையின் விந்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறார்கள். அணுக்கள் நீந்துகின்றனவா, எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறையவைத்து, மாதிரியை உருக்கி, மறுபடியும் பார்க்கிறார்கள். தேறாததைக் கொட்டிவிடுகிறார்கள். காளைக்கு நடக்கும் இந்தப் பரிசோதனை என் மாமாவுக்கு ஒருமுறைகூட நடக்கவில்லை.

ராத்திரி திண்ணையில் அத்தைக்குப் பீகானேர் குதிரைக் கதையைச் சொன்னேன். தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தின் நிலையம் அங்கே இருக்கிறது. ராவ் தல்லூரி என்ற விஞ்ஞானியின் குழு ஒரு மார்வாரிக் குதிரையிடமிருந்து ஏழரை நாள் கருவை எடுத்து வேறொரு குதிரையின் வயிற்றில் வைத்தது. 2023 மே 19இல் 23 கிலோ எடையில் பெண் குட்டி பிறந்தது. ராஜ் பிரதமா என்று பெயர் வைத்தார்கள். குதிரையில் கருவே ஆறாம் நாள் வாக்கில்தான் கருப்பைக்குள் இறங்கும், அதற்கு முன்னால் கழுவி எடுக்கப் போனால் ஒன்றும் கிடைக்காது என்றேன்.

"எல்லாத்துக்கும் நேரந்தான்றே" என்றாள். பிறகு, "இன்னொருத்தி வயித்துல வச்சாங்களே, அப்போ அம்மா யாருடா?"

"பெத்துப் பால் குடுத்தவளும் அம்மாதான் அத்தே."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அப்போ மாட்டு மேல குத்தம் இல்லைங்கறே."

நேரம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, கருப்பையில் சீழ் இருக்கலாம், தாது உப்புக் குறைவாக இருக்கலாம், டாக்டர் கை விட்டுப் பார்க்கட்டும் என்றேன். ஆனால் அவள் மாட்டைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். "யார் மேலயும் குத்தம்னு பார்க்காமலே சொல்லக் கூடாது அத்தே" என்று மட்டும் சொல்ல முடிந்தது. அதைச் சொல்ல எனக்கு முப்பத்தைந்து வயதாகியிருக்கிறது.

விற்பதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அடுத்த பருவம் சாயங்காலம்தான் வந்தது. மறுநாள் விடியும் முன்பே ஆளைக் கையோடு கூட்டிவந்திருக்கிறாள். 21 நாள் தாண்டியும் மாடு கத்தவில்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் டாக்டர் பார்த்து உறுதி சொல்வார்.

"நின்னா சந்தோஷம்" என்றாள் ஃபோனில். "நிக்கலன்னாலும் இங்கதான் இருக்கும். உங்கப்பன்கிட்ட சொல்லிடு."