தெரிந்தும் சொல்லவில்லை

எங்கள் வீட்டு ஆர்.ஓ. மெஷினிலிருந்து வரும் தண்ணீர் குடிக்கத் தகுந்ததல்ல என்று எனக்குத் தெரிந்த பிறகும், வீட்டு வேலைக்கு வரும் அக்கா அதில் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகளுக்கு கேன் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெஷினைக் கவனிக்காமல் விட்டதில் தொடங்கியது இது. கவனிக்காததை மறைத்ததில் வளர்ந்து, இங்கே வந்து நின்றது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். இதே மாதிரி மெஷின் பல வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது. நான் செய்ததில் பாதியையாவது பலர் செய்துகொண்டிருக்கக் கூடும்.

சென்னையின் தெற்குப் புறநகரில், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு அருகே எங்கள் அடுக்ககம். போர் தண்ணீர் உப்பு. வாளியில் ஒரு வாரம் நின்றால் விளிம்பில் வெள்ளையாகப் படியும். கோடையில் லாரி தண்ணீரும் சம்பில் கலக்கும். கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் போர் தண்ணீர் 1200 வரை காட்டும். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை விடுகிறது. ஆகவே மெஷின் வாங்கியதில் தவறில்லை. வாங்கியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். தவறு அங்கே தொடங்கியது.

அக்கா வசிக்கும் தெருவில் குடிநீர் வாரிய லாரி வந்து பிளாஸ்டிக் தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும். அதில் பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கிறது, பேரன் குடிக்க மாட்டேன் என்கிறான் என்று ஒருநாள் சொன்னார். "அதையெல்லாம் குடிக்காதீங்கக்கா, நம்ம வீட்லயே பிடிச்சுட்டுப் போங்க" என்றேன். நல்ல மனதோடுதான் சொன்னேன். அன்றிலிருந்து வேலை முடித்துக் கிளம்பும்போது பாட்டில்களை நிரப்பி, கட்டைப்பையில் வைத்து எடுத்துப் போவார். அவர் வீட்டுக் குடிநீருக்கும் நானே பொறுப்பாளி ஆகிவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மெஷினுக்குள் தண்ணீர் பல கட்டங்களைத் தாண்டுகிறது. முதலில் வெளியே தொங்கும் குடுவையில் பஞ்சு போன்ற ஸ்பன் ஃபில்டர். மண்ணையும் துருவையும் பிடிக்கும். அடுத்தது கார்பன், வாடையையும் குளோரினையும் உறிஞ்சும். பிறகு பூஸ்டர் பம்ப் அழுத்தம் கொடுத்துத் தண்ணீரை மெம்பரேனுக்குள் தள்ளும். உப்பு அங்கே பிரிந்து வேஸ்ட் குழாய் வழியே வெளியேறும். நல்ல தண்ணீர் புற ஊதா விளக்கைத் தாண்டித் தொட்டியில் சேரும். இந்த வரிசையில் ஒன்று தளர்ந்தால் அதன் பளு அடுத்ததன் தலையில் விழும். ஸ்பன் அடைத்தால் பம்ப் திணறும். கார்பன் தீர்ந்தால் லாரி தண்ணீரில் மிஞ்சிய குளோரின் நேராக மெம்பரேனை அரிக்கும், ஏனென்றால் அதன் மேல்பரப்பு பாலிஅமைடு. வேஸ்ட் குழாயில் இருக்கும் சின்ன ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் அடைத்தால் உப்பு வெளியே போக வழியில்லாமல் மெம்பரேன் மேலேயே கல்லாகப் படியும்.

எங்கள் வீட்டில் இவை ஒவ்வொன்றாக நடந்தன. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்தபோது அதைப் புதுப்பிக்கவில்லை. பணம் இல்லாமல் இல்லை. தண்ணீர்தான் வந்துகொண்டிருக்கிறதே என்று தள்ளிப்போட்டேன். ஸ்பன் ஃபில்டர் வெள்ளையிலிருந்து செம்மண் நிறத்துக்கு மாறியதைத் தினமும் பார்த்தேன். சில நூறு ரூபாயில் முடிகிற, நானே கழற்றி மாட்டக்கூடிய வேலை அது. செய்யவில்லை. தொட்டி நிரம்ப நேரம் கூடிக்கொண்டே போனது. அப்போதும் காரணத்தைத் தேடாமல் இரவு முழுக்க மெஷினை ஓடவிட்டேன். வேஸ்ட் தண்ணீர் மெலிந்தபோது, வீணாவது குறைந்ததே என்று நினைத்துக்கொண்டேன். அது ரெஸ்ட்ரிக்டர் அடைபட்டதன் அடையாளம்.

மெஷினின் முகப்பில் ஒரு பச்சை விளக்கு எப்போதும் எரிந்தது. அதை நம்பினேன். எங்கள் மெஷினில் அந்த விளக்கு மின்சாரம் வருகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். ஃபில்டர் அடைத்ததையோ, உள்ளே எஃகுக் குழாய்க்குள் இருக்கும் புற ஊதா விளக்கு வலுவிழந்ததையோ சொல்லாது. புற ஊதா விளக்கு சுமார் 8000 மணி நேரம் எரிந்த பிறகு நீல ஒளியோடு எரிந்துகொண்டேதான் இருக்கும்; கிருமியைக் கொல்லும் 254 நானோமீட்டர் கதிர் மட்டும் குறைந்துபோயிருக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தேதி வைத்து மாற்றியே ஆக வேண்டும்.

தண்ணீர் லேசாகக் கரிக்கிறது என்று என் மனைவி சொன்னபோது மீட்டரை வைத்துப் பார்த்தேன். எப்போதும் 100-க்குள் இருந்த எண் 300-ஐத் தாண்டியிருந்தது. அன்றே மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் மெஷினைத் திறந்து டி.டி.எஸ். கன்ட்ரோலர் திருகை மூடினேன். தண்ணீர் சப்பென்று இருக்காமல் ருசி தருவதற்காக, மெம்பரேனைத் தாண்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு அது. மூடியதும் எண் 190-க்கு இறங்கியது. "சர்வீஸ் பண்ணியாச்சா?" என்று மனைவி கேட்டார். "ஆச்சு" என்றேன். இது பொய்.

மீட்டரைத் தெரிந்தேதான் தவறாகப் பயன்படுத்தினேன். 1200 உள்ளே போய் 190 வெளியே வந்தால், ஆறில் ஒரு பங்கு உப்பு தாண்டி வருகிறது என்று அர்த்தம். நல்ல மெம்பரேன் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நிறுத்தும். 190 என்பது தர அளவுக்குள் இருக்கலாம். ஆனால் அது கெட்டுப்போன மெம்பரேனின் எண். அதோடு, டி.டி.எஸ். மீட்டர் அளப்பது தண்ணீரின் மின் கடத்தும் தன்மையை மட்டுமே. கிருமி அதில் தெரியாது. 50 காட்டும் தண்ணீரிலும் வயிற்றுப்போக்கு தரும் கிருமிகள் இருக்கலாம்.

பம்ப் ஒருநாள் உறுமிக்கொண்டே நின்றது. வேறு வழியில்லாமல் பக்கத்து மெக்கானிக்கை அழைத்தேன். அவர் சேமிப்புத் தொட்டியின் மூடியைத் திறந்து, உட்சுவரில் விரலை வைத்து இழுத்துக் காட்டினார். கஞ்சி ஆறியபின் மேலே படியும் ஆடை போல வழவழப்பாக ஒரு படலம் விரலோடு வந்தது. கிருமிகள் கூட்டமாகக் கூடிக் கட்டிக்கொள்ளும் படலம் அது. புற ஊதா விளக்கு தொட்டிக்கு முன்னால் இருக்கிறது. தொட்டியிலிருந்து குழாய் வரை வேறு தடுப்பே கிடையாது. விளக்கின் முனைகள் கருத்திருந்தன. "ரொம்ப நாளா தொறக்கவே இல்ல போலிருக்கே சார். இதக் குடிக்காதீங்க. மெம்பரேனும் லைட்டும் கையில இல்ல, வரவழைக்கணும். அதுவரைக்கும் பாத்திரம் கழுவ வேணா வெச்சுக்கோங்க" என்று சொல்லி, பம்ப்பை மட்டும் ஓட வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலையே 20 லிட்டர் கேன் வந்தது. மகளின் பள்ளிப் பாட்டிலும் எங்கள் சொம்பும் கேனிலிருந்து நிரம்பின. கேனை உள் அறையில் வைத்தோம். மெஷின் பின்பக்கம், அக்கா பாத்திரம் கழுவும் இடத்தில் இருக்கிறது. மறுநாள் அவர் வழக்கம்போலப் பாட்டில்களை நிரப்பினார். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன். சொல்ல வாயெடுக்கவில்லை. புதிய பாகங்கள் வரும்வரை இதேதான் நடந்தது.

ஏன் சொல்லவில்லை என்று என்னையே பலமுறை கேட்டுப் பார்த்தேன். வெட்கம் ஒரு காரணம். "அதையெல்லாம் குடிக்காதீங்க, இங்க பிடிங்க" என்று சொன்னவனே நான்தான். மனைவியிடம் சொன்ன பொய்யும் வெளியே வந்துவிடும். இவற்றுக்கு அடியில் ஒரு கணக்கும் இருந்தது: சொன்னால் கேன் தண்ணீரை அவருக்கும் கொடுக்க வேண்டிவரும். அந்த எண்ணம் ஒருமுறை முழுசாக மனதில் எழுந்தது, அதை நான் தெளிவாகப் பார்த்தேன், பார்த்த பிறகும் மாற்றிக்கொள்ளவில்லை. சோம்பலை மன்னிக்கலாம் என்று நினைக்கிறேன். இதை அப்படி மன்னிக்க என்னால் முடியவில்லை.

மெம்பரேன், விளக்கு, ஃபில்டர்கள், ரெஸ்ட்ரிக்டர் எல்லாம் மாற்றி, தொட்டியைத் தேய்த்துக் குளோரின் கரைசல் ஊற்றி அலசி, முதலில் நிரம்பிய தண்ணீரையெல்லாம் கீழே கொட்டிய பிறகுதான் அக்காவிடம் சொன்னேன். ஆபத்து தீர்ந்த பிறகு சொல்வது எளிது. அவர் கோபப்படவில்லை. "எனக்கு அப்பவே தெரியும் தம்பி. ருசி மாறிப்போச்சுன்னு கேக்கலாம்னு நெனச்சேன். நீங்க படிச்சவங்க, மெஷினப் பாத்துப்பீங்கன்னு விட்டுட்டேன்" என்றார்.

மீட்டர் வைத்திருந்த எனக்கு முன்னாலேயே அவர் நாக்கு கண்டுபிடித்திருக்கிறது. என் மெஷின் மீதும் என் படிப்பு மீதும் வைத்த மரியாதையால் வாயை மூடிக்கொண்டார். கேட்டிருந்தால் அன்றே எனக்கு உறைத்திருக்கும்.

இன்னொன்றும் பிறகுதான் விளங்கியது. அக்காவின் தெருத் தொட்டியில் அடித்த அந்த வாடை குளோரினுடையது. குழாய் முனையில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்று நம் தரம் சொல்வது, தண்ணீர் வழியிலும் பாத்திரத்திலும் இருக்கும்போது கிருமி சேராமல் காப்பதற்காக. எங்கள் போர் தண்ணீரில் அந்தக் காவல் கிடையாது. லாரி தண்ணீரில் வரும் குளோரின் சம்பிலும் மாடித் தொட்டியிலும் பெரும்பகுதி தீர்ந்துவிடும், மிச்சத்தைக் கார்பன் எடுத்துக்கொள்ளும். ஆர்.ஓ. தொட்டியில் தேங்கும் தண்ணீருக்குச் சுத்தமான தொட்டியைத் தவிர வேறு பாதுகாப்பில்லை. அப்படியானால், வாடை அடிக்கிறது என்று நான் ஒதுக்கச் சொன்ன தெருத் தண்ணீர், அந்த நாட்களில் என் வீட்டுத் தண்ணீரைவிடப் பாதுகாப்பாக இருந்திருக்கக் கூடும். பிளீச்சிங் வாடைக்கு, திறந்த பாத்திரத்தில் கொஞ்ச நேரம் வைத்தாலே போதும். கொதி வந்தபின் ஒரு நிமிடம் நன்றாகத் தளதளக்கக் காய்ச்சினால் கிருமியும் சாகும். இதைச் சொல்லிக்கொடுத்திருந்தால் அவருக்கு என் மெஷினே தேவைப்பட்டிருக்காது.

யாருக்கும் உடம்புக்கு வரவில்லை. அதனால் நான் செய்தது சிறிதாகிவிடாது. குழந்தை குடிக்கும் தண்ணீர் என்று தெரிந்தும் சும்மா இருந்தேன்.

இப்போது மெஷின் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு பாகமும் மாற்றிய தேதியும் அடுத்து மாற்ற வேண்டிய தேதியும் தமிழில் எழுதியிருக்கிறேன். ஸ்பன் ஃபில்டரை நிறம் மாறினால் உடனே மாற்றுகிறேன். மாதம் ஒருமுறை திருகை மூடிவைத்து, உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வருவதையும் அளந்து எழுதுகிறேன். விகிதம் மாறுகிறதா என்று பார்க்கிறேன். மெஷின் ஓடும்போது வேஸ்ட் குழாயில் தண்ணீர் வருகிறதா, தொட்டி நிரம்பிய பிறகு அது நிற்கிறதா என்று பார்க்கிறேன். ஓடும்போது வராவிட்டால் ரெஸ்ட்ரிக்டர் அடைப்பு. நிரம்பியும் நிற்காவிட்டால் சோலினாய்டு வால்வு கோளாறு. ஊருக்குப் போய்த் திரும்பினால் தொட்டித் தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடிக்கிறேன். கிருமிக்கு மீட்டரை நம்புவதில்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு சோதனைக் குப்பியில் தண்ணீரை ஊற்றி வைத்தால், மலக் கலப்பு இருக்கும்போது பெரும்பாலும் கருப்பாக மாறும். அப்படி மாறினால் ஆய்வகத்தில் கொடுத்து உறுதி செய்துகொள்ள வேண்டும். கிண்டி கிங் நிலையத்திலும், மாவட்டங்களில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகங்களிலும் அந்த வசதி உண்டு.

தாளின் கடைசி வரி இது: மெஷினில் எந்தக் கோளாறு தெரிந்தாலும் சுவிட்சை அணைத்து, குழாயில் "குடிக்க வேண்டாம்" அட்டையை மாட்ட வேண்டும்; காரணம் பிறகு பார்க்கலாம். ருசி மாறினால் யார் வேண்டுமானாலும் மாட்டலாம் என்று அக்காவிடமும் மகளிடமும் சொல்லியிருக்கிறேன்.

அக்கா அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தண்ணீர் பிடிப்பதில்லை. தெருத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறார். நான் வற்புறுத்தவில்லை, அந்த நம்பிக்கையைக் கேட்டு வாங்கும் உரிமை இப்போது எனக்கில்லை. உங்கள் வீட்டு மெஷினிலிருந்து யார் யார் குடிக்கிறார்கள் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். வீட்டு வேலை செய்பவர், வாட்ச்மேன், டியூஷனுக்கு வரும் பிள்ளைகள், பொருள் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒரு வாய் கேட்பவர். இவர்களில் யாரும் உள்ளே திறந்து பார்க்கப் போவதில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் குடிக்கிறார்கள். தண்ணீர் சரியில்லை என்று உங்களுக்குத் தெரிந்த அந்த நிமிடமே அவர்களுக்கும் தெரிய வேண்டும்.