புழுதியில் சென்றவர்கள்

நாம் பள்ளி மாணவராக இருந்த காலத்தில், சனிக்கிழமைகளில் கலரி வகுப்பில் அமர்ந்து ஆங்கிலப் படம் பார்ப்பதுண்டு. அகன்ற தொப்பியும் இடுப்பில் துப்பாக்கியுமாகக் கௌபோய் திரையில் தோன்றியதும் விசிலடித்து ஆரவாரித்த கூட்டத்தில் நாமும் இருந்தோம். பின்னர் ஆசிரியரானோம். ஒருநாள் அக்கதைகளை வகுப்பிலே சுவையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்வாங்கு மாணவன் ஒருவன் எழுந்தான்.

"சேர், அவையள் எந்நேரமும் சுட்டுக்கொண்டு திரிஞ்சால் மாட்டை ஆர் பார்த்தது?"

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். விடை தெரியாமையை மறைக்கவே சிரித்தோம் என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் தந்தை பிறர் மாடுகளை மேய்த்துக் கூலி பெறுபவர் என்பது பின்னரே எமக்குத் தெரியவந்தது. அந்தக் கேள்வியே எம்மை நூல்களிடம் துரத்தியது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபோது, ரெக்சாஸ் மாநிலத்தின் வேலியற்ற புல்வெளிகளில் நீண்ட கொம்பு மாடுகள் இலட்சக்கணக்கில் திரிந்தன. அங்கே நான்கு டொலர் பெறுமதியான மாடு வடக்கு நகரங்களிலே நாற்பது டொலர் வரை விலைபோகக்கூடியதாயிருந்தது. 1867இல் கன்சாஸ் மாநிலத்து அபிலீன் என்ற சிற்றூர், மாடுகளைப் புகையிரதத்தில் ஏற்றும் சந்தையாயிற்று. இடையிலிருந்த நூற்றுக்கணக்கான மைல்களையும் மாடுகள் நடந்தே கடக்க வேண்டும். அவற்றை நடத்திச் சென்ற கூலியாளே கௌபோய்.

ஏறக்குறைய 2,500 மாடுகள் கொண்ட மந்தைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் போதும். அனுபவசாலிகள் இருவர் முன்னே சென்று திசை காட்டுவர். இரு பக்கங்களிலும் சிலர் சென்று மந்தை சிதறாமற் காப்பர். புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்கு வாய்ப்பது பின்வரிசை. முகத்திற் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, ஆயிரக்கணக்கான குளம்புகள் கிளப்பும் புழுதியை நாள் முழுவதும் விழுங்கியபடி, நொண்டியையும் நோஞ்சானையும் அவர்கள் தள்ளிச் செல்வர். மாற்றுக் குதிரைகளைப் பார்ப்பவன் பெரும்பாலும் ஒரு சிறுவன். உணவு வண்டியோடு சமையற்காரன் முன்னே போய்விடுவான்.

விரைந்து ஓட்டுவது இத்தொழிலில் திறமையாகாது. ஓட்டினால் மாடு மெலியும். மெலிந்தால் விலை விழும். ஆகவே மேயவிட்டு மேயவிட்டு, நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து மைல்களே நடத்துவர். பயணம் இரண்டு மூன்று மாதங்கள் நீளும். இரவில் இருவர் எதிரெதிர்த் திசைகளில் மந்தையைச் சுற்றிவந்து தாழ்ந்த குரலிற் பாடுவர். பழகிய மனிதக் குரல் கேட்டால் மாடு மிரளாது. இடி முழங்கி மந்தை மிரண்டோடினாலோ, இருளிற் குதிரையை முடுக்கி முன்மாடுகளை எட்டி, அவற்றை வட்டமாகத் திருப்ப வேண்டும். குதிரை இடறினால் உயிருக்கு உறுதியில்லை.

இவ்வித்தையும் அவர்கள் சொந்தமாகக் கண்டுபிடித்ததன்று. சுருக்குக் கயிறு வீசுவதையும், குதிரையில் இருந்தே மந்தையைப் பிரிப்பதையும், கன்றுக்குக் குறிசுடுவதையும் மெக்சிக்கோ மேய்ப்பர்களிடமே கற்றனர். கௌபோய்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கறுப்பர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் மதிப்பீடு. அவர்களுட் பலர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள். மந்தைகள் கடந்துசென்ற நிலத்தின் பெரும்பகுதி செவ்விந்தியருடையது. தம் புல்லைத் தின்ற மாடுகளுக்கு அவர்கள் வரி கேட்டனர். நாம் பார்த்த படங்களிலோ கறுப்பனைக் காணோம்; நிலத்துக்குரியவனே கொள்ளைக்காரனாகக் காட்டப்பட்டான்.

இவ்வளவு உழைப்புக்கும் மாதக்கூலி இருபத்தைந்து முதல் நாற்பது டொலர். முன்பு தொழிலாளி தானும் சில கன்றுகளுக்குக் குறிசுட்டுச் சிறு மந்தை வளர்க்க இடமிருந்தது. கிழக்கு நகரங்களிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் மூலதனம் வந்து பெருங்கம்பனிகள் பண்ணைகளைக் கைப்பற்றியபின், அதுவும் தடுக்கப்பட்டது. 1883இல் ரெக்சாஸின் வடபகுதியில் கௌபோய்கள் மாதம் ஐம்பது டொலர் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். முதலாளிகள் அவர்களை நீக்கிவிட்டுப் புதியவர்களை அமர்த்தினர். போராட்டம் தோற்றது. 1874இல் காப்புரிமை பெற்ற முட்கம்பி திறந்த புல்வெளியைத் துண்டாடியது. ரெக்சாஸுக்குள்ளும் இருப்புப்பாதை வந்தது. 1886–87 கடுங்குளிர் வடபுல்வெளிகளில் மாடுகளைப் பெருந்தொகையாய்க் கொன்றது. இருபது ஆண்டுகளிலேயே அந்த நெடும்பயணங்கள் பெரும்பாலும் முடிந்துபோயின.

துப்பாக்கிச் சண்டையைத் திரை எமக்கு ஓயாது காட்டியது. அந்த வேலைநிறுத்தத்தைக் காட்டவில்லை. வீரனைக் கொண்டாடுவதில் முதலாளிக்கு நட்டமில்லை. கூலி கேட்பவனைக் கொண்டாடினால் உண்டு.

விடையோடு வகுப்புக்குத் திரும்பினோம். "மாட்டைப் பார்த்தவர்கள் உன் தந்தையைப் போன்றவர்கள்" என்று அவனிடம் கூறினோம். இம்முறை வகுப்பு சிரிக்கவில்லை. அவன் சற்று நேரம் பேசாதிருந்து, "அவையளுக்கும் மாடு சொந்தமில்லையோ, சேர்?" என்று கேட்டான்.

இல்லை என்றோம்.