கொட்டிலும் இரண்டரை மீட்டரும்

"கொட்டில் போட ஆரைக் கேக்கவேணும்?" என்றார் அம்மா, கொக்குவிலில் இருந்து வாட்ஸ்அப்பில். "உன்ர வளவு, உன்ர காசு. நாலு கப்பு நட்டுக் கிடுகு போடுறதுக்குக் கவுன்சிலுக்கு ஏன் எழுதுறாய்?"

இங்கே கிடுகு இல்லை அம்மா என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை விளங்கப்படுத்தப் போனால் போன் சூடாகிவிடும்.

*

கொட்டில் எனக்காக இல்லை, கறிவேப்பிலைக்காக. லண்டனில் கறிவேப்பிலை வளர்ப்பவர்களுக்குத் தெரியும்: ஒக்டோபர் கடைசியில் சாடிகளை உள்ளே தூக்காவிட்டால் ஒரே இரவு உறைபனியில் இலை கறுத்துவிடும். நாலு சாடி. சமையலறை ஜன்னலில் இரண்டுக்குத்தான் இடம். மற்ற இரண்டும் வரவேற்பறையில் நின்றன, வருகிறவர்கள் ஆளுக்கொரு கொத்து முறித்துக்கொண்டு போக. ஆகவே பின்வளவில் தெற்குப் பார்த்த ஜன்னலோடு ஒரு மரக்கொட்டில், உள்ளே சின்ன ஹீட்டர். இந்த ஊர் பாஷையில் ஷெட்.

*

பொதுவாகப் பலரும் நினைப்பது: ஷெட்டுக்குப் பெர்மிஷன் தேவையில்லை. பாதி சரி. இங்கிலாந்துச் சட்டம் சொல்வது, அனுமதி ஏற்கெனவே கொடுத்தாயிற்று, ஆனால் இந்த இந்த அளவுக்குள் கட்டினால் மட்டும் என்று. அதற்குப் பெயர் பெர்மிட்டட் டெவலப்மெண்ட். 2015ஆம் ஆண்டு ஆணையில் 'கிளாஸ் ஈ' என்ற பகுதி கொட்டில்களுக்கானது. கோழிக்கூடு, நீச்சல்குளம், சோனா எல்லாம் அதற்குள் அடங்கும். பிளாட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. பழம்பெரும் கட்டடமாகப் பட்டியலிடப்பட்ட வீடென்றாலும் கிடையாது.

அளவுகள்: ஒரே தளம்தான். கூரை விளிம்பு 2.5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இருபக்கச் சரிவுக் கூரையென்றால் உச்சி 4 மீட்டர், மற்றக் கூரைகளுக்கு 3 மீட்டர். ஆனால் கொட்டிலின் எந்த மூலையாவது எல்லையிலிருந்து 2 மீட்டருக்குள் வந்தால் மொத்த உயரமே 2.5 மீட்டர்தான். வீட்டு முகப்புக்கு முன்னால் கட்ட முடியாது.

சண்டையெல்லாம் அந்த இரண்டு மீட்டருக்குள்தான். லண்டன் வளவுகள் ஒடுக்கமானவை. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு மீட்டர் விட்டால் நடுவில் மிஞ்சுவதில் கொட்டில் வைக்கலாம், வேறொன்றும் வைக்க முடியாது. எல்லாரும் வேலியோரம்தான் போடுகிறார்கள். நானும் அரை மீட்டர் விட்டுப் போட்டேன்.

*

வராந்தா கூடாது. பல்கனி கூடாது. முப்பது சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்திய மேடையும் கூடாது. அதாவது கொட்டிலுக்கு முன்னால் ஓர் ஒழுங்கான திண்ணை வைக்க முடியாது. இதை எழுதியவர்கள் யாழ்ப்பாணத்து வெயிலைக் கண்டவர்கள் இல்லை. கண்டிருந்தால் திண்ணையை மட்டும் அனுமதித்து மிச்சத்தைத் தடுத்திருப்பார்கள்.

*

1 ஜூலை 1948. இந்த நாட்டில் வீடு வைத்திருப்பவர்கள் நினைவில் வைக்கவேண்டிய திகதி. 1947இல் வந்த நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கட்டிய வீடென்றால் அன்று எப்படி நின்றதோ அதுதான் 'மூல வீடு'. பிறகு கட்டியதென்றால் முதன்முதல் கட்டியபடி. அந்த மூல வீட்டைச் சுற்றியிருந்த நிலத்தில் பாதிக்கு மேல் கட்டடம் மூடக் கூடாது. உங்களுக்கு முன்னிருந்தவர் குசினியை இழுத்துக் கட்டியிருந்தால் அதுவும் உங்கள் கணக்கில்தான் விழும்.

*

ஷெட்டை விற்றவர் சொன்னது: "உயரம் 2.45. பெர்மிஷன் தேவையில்லை, பயப்படாதேங்கோ." கைநூலிலும் 2.45தான். இரண்டு சனிக்கிழமை வேலை. முதல் சனி மண்ணைக் கிண்டிக் கொங்கிரீட் தளம், அடுத்த சனி பலகைகள்.

மூன்றாவது சனி பக்கத்து வீட்டு முதியவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கையில் அளவு நாடா. மனிதர் கெட்டவரல்ல; என் கறிவேப்பிலையை 'கறி மரம்' என்று சொல்லி விசாரிப்பவர். தன் பக்கத்து நிலத்தில் நாடாவின் நுனியை வைத்துக் கூரை வரைக்கும் இழுத்தார். 2.63. பத்து நாளில் கவுன்சிலிலிருந்து கடிதம்.

தளத்தை நான் கணக்கில் எடுக்கவேயில்லை. வேலிப் பக்கம் தளம் மண்ணிலிருந்து 18 சென்டிமீட்டர் எழும்பி நின்றது. கொட்டிலின் உயரம் கடைக்காரருக்குத் தளத்திலிருந்து, சட்டத்துக்கு நிலத்திலிருந்து.

*

ஊரில் வேலிச் சண்டை பார்த்து வளர்ந்தவன் நான். ராவோடு ராவாகக் கதியால் ஒரு முழம் நகரும். விடிந்ததும் இரண்டு வீட்டுப் பெண்களும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று மூன்று தலைமுறையை இழுப்பார்கள். பிறகு வழக்கு, தவணை, தவணை. கேட்ட நிலத்தின் விலையைவிடப் பிரக்கிராசிக்குக் கொடுத்தது அதிகம். அந்த ஊர்க்காரன் இங்கே 13 சென்டிமீட்டருக்காக முழிக்கிறேன். முதியவர் ஒரு வார்த்தையும் உரத்துப் பேசவில்லை. அடுத்த நாள் காலை வழக்கம்போல் குட் மோர்னிங் சொன்னார். அதுதான் எனக்குக் கூடப் பயமாக இருந்தது.

*

இரண்டு இரவு சட்டம் வாசித்தேன். மூன்றாம் இரவு ஒரு வரி கண்ணில் பட்டது. நிலம் சமமாக இல்லாவிட்டால், கட்டடத்தை ஒட்டிய நிலத்தின் மிக உயர்ந்த இடத்திலிருந்துதான் உயரத்தை அளக்கவேண்டும்.

என் வளவு வேலியை நோக்கிச் சரிவு. விடியற்காலை டார்ச்சோடு போனேன். தண்ணீர் மட்டம் பார்க்கும் குழாய் இல்லை; ஒரு நீளப் பலகையும் மட்டக் கோலும்தான். வீட்டுப் பக்கத்து மண் வேலிப் பக்கத்து மண்ணைவிட 15 சென்டிமீட்டர் உயரம். அந்தப் பக்கம் தளம் 3 சென்டிமீட்டர்தான் வெளியே தெரிந்தது. 2.45உம் 0.03உம், 2.48.

மூன்று முறை அளந்தேன். நாலாவது முறை மனைவி அளந்தாள். படம் எடுத்து, கோடு கீறி, அளவு எழுதிக் கவுன்சிலுக்கு அனுப்பினேன். அதிகாரி ஒருவர் வந்தார், தன் நாடாவால் அளந்தார், போனார். ஒரு மாதத்தில் கோப்பு மூடப்பட்டது என்று இரண்டு வரி. இரண்டு சென்டிமீட்டரில் தப்பியதை வெற்றி என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மண் நிரவியபோது மேட்டுப் பக்கத்தைக் கொஞ்சம் வெட்டியிருந்தால் கூரையைக் கழற்றியிருப்பேன்.

*

சென்டிமீட்டரை அளக்கலாம். கிளாஸ் ஈயில் அளக்க முடியாத சொல் ஒன்று இருக்கிறது: கொட்டில், வீட்டு வாழ்வுக்குத் 'துணையாக' இருக்கவேண்டும். சைக்கிள், புத்தகம், தேகப்பயிற்சி, கறிவேப்பிலை துணை. அதற்குள் ஒருவரைக் குடிவைத்து வாடகை எடுத்தால் துணையல்ல. வேல்ஸில் ஒரு பெண் பொழுதுபோக்காக 44 நாய்கள் வளர்த்தார். அது துணையா என்ற கேள்வி மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. வீட்டுக்காரர் தனக்குப் பிடித்தது என்று சொல்வது மட்டும் போதாது என்று தீர்ப்பு. வெள்ளிக்கிழமை பூசைக்கு வீட்டார் கொட்டிலில் கூடினால் யாரும் கேட்கப்போவதில்லை. ஐம்பது பேர், ஹார்மோனியம், அன்னதானம், தெரு முழுக்கக் கார் என்றால் அது துணை இல்லை என்பதுதான் என் எண்ணம்.

கொட்டிலில் ஆட்களைக் குடிவைப்பதைப் பிடிக்க 2013இல் ஸ்லோ நகரத்துக் கவுன்சில் வெப்பத்தைப் படமெடுக்கும் கருவியோடு விமானமே பறக்கவிட்டது. என் ஹீட்டரும் மேலிருந்து பார்த்தால் ஓர் ஆள் படுத்திருப்பதுபோல் தெரியும் போலிருக்கிறது.

*

ஒளித்துக் கட்டுபவர்களும் உண்டு. சறே கவுண்டியில் ஒரு விவசாயி வைக்கோல் கட்டுகளையும் தார்ப்பாயையும் மலைபோல் அடுக்கி, அதற்குள் கோட்டைபோல் ஒரு வீடு கட்டி நாலு வருடம் குடும்பத்தோடு இருந்தார். நாலு வருடம் யாரும் கேட்காவிட்டால் பிறகு கவுன்சிலால் கைவைக்க முடியாது என்பது அப்போதைய விதி. 2006இல் வைக்கோலை அகற்றினார். ஒளித்து வைத்த காலத்தை நீதிமன்றம் கணக்கில் எடுக்கவில்லை, 2016இல் இடிபட்டது. இப்போது நாலு வருடக் கணக்கே இல்லை. 25 ஏப்ரல் 2024 முதல் இங்கிலாந்தில் பத்து வருடம்.

*

பெர்னாட் ஷாவுக்கும் கொட்டில் இருந்தது. அயோட் செயின்ட் லோரன்ஸில், தோட்டத்தின் கடைசியில், வெயில் போகும் திசைக்குத் திருப்பக்கூடிய சுழல் தளத்தில். அதற்கு அவர் வைத்த பெயர் 'லண்டன்'. வேண்டாத ஆட்கள் வந்தால் "ஐயா லண்டனுக்குப் போயிட்டார்" என்று சொல்லலாம், பொய்யாகாது. என் கொட்டிலுக்கு மகள் 'கொக்குவில்' என்று பலகை எழுதிவைத்திருக்கிறாள். இனி அம்மா கூப்பிட்டால் நான் கொக்குவிலில் நிற்கிறேன் என்று சொல்லலாம்.

*

பிளானிங் வேறு, பில்டிங் ரெகுலேஷன் வேறு. தரைப்பரப்பு 15 சதுர மீட்டருக்குள், யாரும் படுக்கவில்லை என்றால் இரண்டாவதும் பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் மின்சாரத்துக்குப் புது சேர்க்யூட் இழுத்தால், ஒன்றில் பில்டிங் கண்ட்ரோலுக்கு அறிவிக்கவேண்டும், இல்லாவிட்டால் பதிவுபெற்ற எலெக்ட்ரிஷியன் வேண்டும். கொட்டிலைவிட அவருடைய பில்தான் வலித்தது.

*

கோப்பு மூடியபிறகும் சட்டபூர்வச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். வீடு விற்கும் நாளில் வாங்குபவரின் சொலிசிட்டர் கட்டாயம் கேட்பார். கட்டுவதற்கு முன் விண்ணப்பித்தால் வழக்கமான பிளானிங் கட்டணத்தில் பாதி. கட்டிய பிறகென்றால் முழுசு. நான் முழுசு கட்டினேன். சான்றிதழ் இப்போது வீட்டு உறுதியோடு ஒரே கோப்பில்.

முதியவருக்கு ஒரு கறிவேப்பிலைக் கன்று கொடுத்தேன். அவரிடம் கொட்டில் இல்லை. பனிக்காலத்தில் சாடியை என்னிடம் கொண்டுவந்து வைக்கிறார்.

ஷெட் வாங்கப் போகிறீர்களென்றால் விற்பவரிடம் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: உயரம் தளத்தோடு சேர்த்தா, சேர்க்காமலா?