ஏடு காத்தலும் கணினி காத்தலும்

எழுத்தில் ஏறிய பொருள் அழியாது என்பர். ஆயினும், எழுத்தைத் தாங்கும் பொருள் அழியுந் தன்மையது என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். பனையோலை செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாவது. ஆதலின், பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டில் அதனைப் பெயர்த்தெழுதி வந்தனர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் பதிப்பித்தபோது, ஓர் ஏட்டிற் சிதைந்த பகுதியை வேற்றூர் ஏடு நிரப்பி உதவிற்று. நம் மதுரையில் 1901-இல் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கம் நிறுவியபோது, சுவடிகளைத் தொகுத்தலையும் அதன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டார். பல வீடுகளிற் பல பிரதிகள் இருந்தமையாலன்றோ அந்நூல்கள் நம் கைக்கு எட்டின!

இதனை யாம் ஈண்டு நினைவூட்டுவது பழம்பெருமை பேசுதற்கன்று. எட்டு மேசைக்கணினிகளும் நான்கு மடிக்கணினிகளும் உடைய சுங்குடிச் சேலைக் கம்பெனி ஒன்றிற்குக் காப்புப் பிரதி முறை, அதாவது பேக்கப் முறை, ஒன்றைத் தேர்ந்து கூறும் பணி எமக்கு நேர்ந்தது. சுங்குடிக்கு முடிச்சிடும் பெண்டிர் தத்தம் வீட்டிலிருந்தே வேலை செய்து, முடித்த அளவுக்குக் கூலி பெறுபவர். வீடுதோறும் சென்று துணி கொடுத்து வாங்குவோர், அக்கணக்கை மடிக்கணினியிற் பதிவர். யாம் பணி தொடங்குமுன்னரே, அவற்றுள் ஒன்று பேருந்திற் களவு போயிற்று. அதனோடு மூன்று வாரக் கணக்கும் போயிற்று. கைக்குறிப்பு வைத்திருந்தோர் எளிதிற் கூலி பெற்றனர். குறிப்பு இல்லாத சிலரோ, தம் சொல்லை நம்புமாறு வேண்டி நின்றனர். கணினியிலுள்ள கணக்கு பிறர் உழைப்பின் சான்று என்பதை அன்று தெளிவாக உணர்ந்தோம்.

எம்முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, வெளியே இணைக்கும் ஹார்டு டிஸ்கு. விலை குறைவு, மீட்டலும் விரைவு. ஆனால், ஒருவர் மறவாது நாள்தோறும் அதனை இணைத்தல் வேண்டும். எப்பொழுதும் இணைத்தே வைத்தாலோ, கணினிக்கு வரும் கேடு அதற்கும் வரும். 2017 மே மாதத்தில் வானாகிரை என்னும் தீநிரல் பல நாட்டுக் கணினிகளிற் புகுந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அத்தகைய நிரல்கள் கணினியோடு இணைந்துள்ள தட்டையும் விட்டுவைப்பதில்லை.

இரண்டாவது, கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்ற இணையக் கோப்புறைகள். இவை ஒரு கோப்பைப் பல கணினிகளில் ஒன்றுபோல் வைத்திருத்தற்கு மிகவும் நல்லன. எனினும், இங்கே ஒருவர் தவறுதலாக நீக்கியது அங்கேயும் நீங்கும். குறித்த சில நாட்களுக்குள் கண்டு மீட்காவிடின் இழந்ததே. ஒன்றுபடுத்துதல் வேறு, காத்தல் வேறு.

மூன்றாவது, இணையவழிக் காப்புச் சேவை. இது தானே இயங்கி, மாறிய பகுதியை மட்டும் தொலைவிலுள்ள சேமிப்பகத்துக்கு அனுப்பி, பழைய நிலைகளையும் குறித்த காலம்வரை வைத்திருக்கும். முதன்முறை முழுவதையும் அனுப்ப நாட்கள் சில ஆகலாம். கட்டணமும் தொடர்ந்து செலுத்தல் வேண்டும்.

தட்டும் பெட்டியும் காரியாலயத்திலேயே இருப்பின் போதாதோ என்று முதலாளி வினவினார். 2018 பிப்ரவரி 2-ஆம் நாள் இரவு மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபத்திற் பற்றிய தீயை அவருக்கு நினைவூட்டினோம். கல் மண்டபமே தீயாற் சிதைந்ததெனின், மர அலமாரியில் வைத்த பெட்டி எம்மாத்திரம்? 2025 செப்டம்பர் 26-இல் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பற்றியபோது, அரசு ஊழியர் பயன்படுத்திய சேமிப்பகம் ஒன்றில் 858 டெராபைட் அளவுள்ள கோப்புகள் அழிந்தன. அவற்றிற்கு வேறிடத்திற் பிரதி இல்லை. செல்வமிக்க அரசுக்கு நேர்ந்தது சிறு கம்பெனிக்கு நேராதென்று எங்ஙனம் கூறுவது?

ஆகவே, மூன்று பிரதி, இருவகைச் சாதனம், ஒன்று வேற்றிடம் என்று இத்துறையினர் கூறும் விதியையே கைக்கொண்டோம். காரியாலயத்தில் ஒரு சேமிப்புப் பெட்டி, மேசைக்கணினிகளின் பிரதியை இரவுதோறும் பெறும். எல்லாக் கணினிகளும் இணையவழிச் சேவைக்கும் பிரதி அனுப்பும். ஊர் ஊராகச் செல்லும் மடிக்கணினிகள், இணையம் கிட்டும்போதெல்லாம் நேரே அதற்கு அனுப்பும். களவு போயினும் கள்வன் படிக்கவியலாதவாறு அவற்றின் உள்ளடக்கம் மறையாக்கம் செய்யப்பட்டது. அதனைத் திறக்கும் சாவிச்சொல் தொலையின் உரியவரும் திறக்கவியலாது; ஆதலின், அது பொறுப்புள்ள இருவரிடம் தனித்தனியே வைக்கப்பட்டது.

இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. 2017 ஜனவரி 31-இல் கிட்லாப் என்னும் நிரற்சேவை நிறுவனத்தில், ஊழியர் ஒருவர் தவறான கணினியிலிருந்த தரவை நீக்கிவிட்டார். காப்பு முறைகள் பல இருந்தும் முறைப்படி ஒன்றும் கைகொடுக்கவில்லை. வேறொரு காரியத்துக்காக ஏறத்தாழ ஆறுமணி நேரத்துக்கு முன் எடுத்த பிரதியே உதவிற்று. பிரதி எடுக்கப்படுகிறது என்றே அனைவரும் நம்பியிருந்தனர். மீட்டுப் பார்த்தவர் இலர். ஆதலின், திங்களுக்கொருமுறை சில கோப்புகளையும், ஆண்டிற்கிருமுறை ஒரு கணினி முழுவதையும் மீட்டுப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிவைக்குமாறு விதித்தோம். சேவைகளை ஒப்பிட்டபோதும், எத்துணை இடம் தருவர் என்பதினும், எத்துணை விரைவில் மீட்டுத் தருவர் என்பதையே முதலில் வினவினோம்.

மாணவ நண்பர்காள்! உங்கள் ஆய்வுரையும் திட்ட அறிக்கையும் இன்று ஒரே மடிக்கணினியிலோ ஒரு சிறு பென்டிரைவிலோ இருத்தல் கூடும். நாளை நீங்கள் ஒரு காரியாலயத்தின் பொறுப்பேற்குங்கால், பிறருடைய கூலியும் கணக்கும் உங்கள் கையில் இருக்கும். இப்பொழுதே இரண்டாம் பிரதியொன்று எடுத்து வேற்றிடத்தில் வையுங்கள். வைத்ததைத் திறந்தும் பாருங்கள். ஓலை தேய்ந்தபோது அயராது பெயர்த்தெழுதிய மக்களின் வழிவந்த நமக்கு இஃது அரிய செயலன்று.