கேம் டப்பாவுக்குள் ஒரு கல்யாணம்

பொங்கலுக்கு வெள்ளையடிக்க அட்டாலியைக் காலி செய்தபோதுதான் அந்த அட்டைப்பெட்டி கீழே வந்தது. கோவை பீளமேட்டில், ஒரு சின்ன லேத் பட்டறையை ஒட்டிய வீடு அது. பெட்டிக்குள் கறுப்பு நிற பிளேஸ்டேஷன் 2, கையடக்கமாக ஒரு பிஎஸ்பி, வயர் சுற்றிய கன்ட்ரோலர், ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு டிஸ்க்.

"இதெல்லாம் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டரலாமாடா?" என்றார் அப்பா.

"ஒருக்கா பார்த்துட்டுப் போடலாமுங்கப்பா" என்றான் மகன்.

காரணம் இருந்தது. அத்தை மகளுக்குத் தை மாதம் கல்யாணம். இரண்டு நாளுக்கு முன்புதான் அவிநாசியிலிருந்து அத்தை போன் செய்திருந்தார். "என்ற கல்யாண கேசட்டு உங்க ஊட்லதான இருக்குது? பொண்ணு பார்க்கோணும்ங்கறா."

அத்தை கேசட் என்று சொன்னது, கேசட் அல்ல. 2001-ல் நடந்த கல்யாணத்துக்குப் பின், வீடியோக்காரர் மூன்று விசிடிகளாகப் போட்டுக் கொடுத்தது. ஒரு விசிடியில் சுமார் 74 நிமிடம்தான் பிடிக்கும். அதனால் மாப்பிள்ளை அழைப்பு ஒன்றில், முகூர்த்தம் ஒன்றில், பந்தியும் மறுவீடும் ஒன்றில். இப்போது மூன்றின் முதுகிலும் கீறல். கம்ப்யூட்டரில் போட்டால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, பிறகு நின்றுவிடுகிறது.

அப்பா எதுவும் சொல்லவில்லை. அவருக்குத் தங்கை கல்யாணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று அந்த டிஸ்க்கில் இருந்தது. அவருடைய அம்மா. அப்பத்தா இறந்தது 2012-ல். வீட்டில் மாலை போட்ட போட்டோ இருக்கிறது. ஆனால் அப்பத்தா நடப்பதும் பேசுவதும் இருந்தது அந்தக் கல்யாண வீடியோவில் மட்டும்தான்.

மகன் பிளேஸ்டேஷனைத் துடைத்து டிவியில் மாட்டினான். அது இந்த வீட்டுக்கு வந்த கதையே தனி.

2008-ல் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தால் டிவிடி பிளேயர் வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். மார்க் வந்தது. காந்திபுரத்தில் கடைக்குள் போனதும் மகன் கையைக் காட்டியது வேறு ஒரு டப்பாவை. "இதுலயும் டிவிடி பாடுமுங்கப்பா." கேம் என்ற வார்த்தையை அவன் கடையை விட்டு வெளியே வரும்வரை உச்சரிக்கவே இல்லை.

இந்த ஏற்பாடு பீளமேட்டில் மட்டும் நடந்ததல்ல. 2000 மார்ச் 4-ம் தேதி ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2 விற்பனைக்கு வந்தபோது விலை 39,800 யென். தனி டிவிடி பிளேயர்களே அப்போது மலிவாக இல்லை. கேமும் ஆச்சு, படமும் ஆச்சு என்று எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் கேட்டதைப் பெற்றோர் சம்மதித்து வாங்கினார்கள். அந்த டப்பா உலகம் முழுவதும் 15 கோடிக்கு மேல் விற்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் அப்பா ஆசையாக எடுத்துக்கொடுத்தது தங்கையின் கல்யாண விசிடியைத்தான். மெஷின் அதை ஏற்கவில்லை. இன்னொரு டிஸ்க். அதையும் ஏற்கவில்லை. 150 பாட்டு கொண்ட எம்பி3 சிடி ஒன்று வீட்டில் இருந்தது. அதுவும் பாடவில்லை.

"டிவிடி பாடும்னு சொன்ன?"

"இது விசிடிங்கப்பா. டிவிடி வேற, விசிடி வேற."

"ரெண்டும் ஒரே வட்டம்தானடா?"

மகனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பட்டறையிலிருந்தே பதில் கிடைத்தது. "போல்ட்டு ஒரே தடிமன்தானுங்கப்பா. மரை வேற. நட்டு ஏறாது."

அப்பாவுக்கு உடனே புரிந்தது. விஷயமும் கிட்டத்தட்ட அதுதான். விசிடியில் படத்தைச் சுருக்கி எழுதும் முறை எம்பெக்-1. டிவிடியில் எம்பெக்-2. அந்த மெஷினுக்கு டிவிடி படமும் சாதாரண ஆடியோ சிடியும் தெரியும். விசிடி தெரியாது, எம்பி3-யும் தெரியாது. பார்வைக்கு எல்லாமே ஒரே வெள்ளித் தட்டு.

"அதுக்கு எதுக்கு கண்ணு பையனத் திட்டற?" என்று குறுக்கே வந்தவர் அப்பத்தா. அடுத்த வாரமே பேரன், கம்ப்யூட்டர் வைத்திருந்த நண்பன் வீட்டுக்குப் போய் மூன்று விசிடிகளையும் ஒரே டிவிடியில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

அன்று இரவு அப்பத்தா முதன்முறையாகத் தன்னையே டிவியில் பார்த்தார். அருமைக்காரர் சீர் செய்கிறார், மங்கல வாழ்த்துப் பாடுகிறார்கள், பின்னால் பட்டுச் சேலையில் அப்பத்தா யாரையோ அதட்டிக்கொண்டு நிற்கிறார். "நானா இது? இப்படியா இருந்தேன்?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மெஷின் அப்பத்தாவுடையது. மெனுவில் படத்தைத் தேர்ந்தெடுக்க கன்ட்ரோலரில் எக்ஸ் பட்டனை அழுத்த வேண்டும். அவருக்கு அது எக்ஸ் அல்ல, பெருக்கல். "பெருக்கல அமுக்கோணுமா, வட்டத்தையா?" என்று ஒருமுறைதான் கேட்டார். அடுத்த வாரம் பேரன் கேம் விளையாட உட்கார்ந்தபோது, "இரு சாமி, படம் முடியட்டும்" என்று கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டார்.

ஒரு வேலைக்கு வந்த மெஷினை இன்னொரு வேலைக்கும் பழக்குவது கோவைக்குப் புதிதல்ல. ரயில்வேயில் வேலை பார்த்த கோவைக்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் சினிமா புரொஜக்டரை வாங்கி, கூடாரத்தோடு ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டினார். 1914-ல் வெரைட்டி ஹால் கட்டினார். மின்சாரத்தில் ஓடும் அச்சகமும் நடத்தினார். அவர் பெயரை மறந்தவர்கள்கூட வெரைட்டி ஹால் ரோட்டைத் தினம் கடக்கிறார்கள். அவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன சினிமா, நூறு வருடம் கழித்துச் சட்டைப் பையளவுக்குச் சுருங்கியது.

அப்படிச் சுருங்கிய ஒன்றுதான் பெட்டியிலிருந்த பிஎஸ்பி. 2004 டிசம்பரில் ஜப்பானில் அறிமுகமானது. திரை 4.3 அங்குலம். மெமரி ஸ்டிக்கில் எம்பி3 பாட்டையும் எம்பி4 வீடியோவையும் ஏற்றிக்கொள்ளலாம். கல்லூரியில் சீனியர் ஒருவரிடம் பழையதாக வாங்கிய மகன், பொள்ளாச்சி ரோடு பஸ்ஸில் கேம் விளையாடியதைவிடப் பாட்டு கேட்டதும் படம் பார்த்ததும்தான் அதிகம். படத்தை அந்தத் திரைக்கேற்ற அளவுக்கு மாற்றி ஏற்ற வேண்டும். ராத்திரி கம்ப்யூட்டரை ஓடவிட்டுத் தூங்கினால் விடிகாலையில் ஒரு படம் தயார்.

2011-ல் அப்பத்தா ஆஸ்பத்திரியில் இருந்தார். வார்டில் டிவி இல்லை. "அந்த பெருக்கல் டப்பாவ இங்க கொண்டாந்து மாட்ட முடியாதா கண்ணு?" என்று கேட்டார். மகன் அன்றிரவே கல்யாண டிவிடியை எம்பி4-ஆக மாற்றினான். மெமரி ஸ்டிக்கில் பாட்டுகளும் படங்களும் போக இடம் குறைவு.

"எந்தப் பகுதி வேணும் அப்பத்தா?"

"தாலி கட்டறதும் பந்தியும் போதும் சாமி."

நாற்பது நிமிடம். தலையணையில் சாய்ந்து, ஒரு காதில் மட்டும் இயர்போன் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தார். பக்கத்துக் கட்டில் அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினார்.

அதற்குப் பின் அப்பத்தா வீட்டுக்கு வந்தார். அடுத்த வருடம் போய்விட்டார். மெஷின்கள் அட்டாலிக்கு ஏறின.

இப்போது பிளேஸ்டேஷன் உயிர்பெற்றது. பச்சை விளக்கு எரிந்தது. 2008-ல் எழுதிய டிவிடியை உள்ளே தள்ளினார்கள். முதல் பத்து நிமிடம் ஓடியது. மண்டப வாசல், வாழைமரம், நாதஸ்வரம். அதோடு படம் உறைந்தது.

எந்த லேசர் கருவிக்கும் வயதானால் பார்வை மங்கும். ஆனால் கோளாறு மெஷினில் இல்லை. புது லேப்டாப் டிரைவிலும் அதே இடத்தில் நின்றது. வீட்டில் எழுதும் டிஸ்க்கில் தகவல் பதிவாவது ஒரு சாயப் பூச்சில். வெயிலும் வெப்பமும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். ஓட்டுக்கு அடியில் பத்துப் பதினைந்து கோடையைத் தாண்டிய டிஸ்க் அது. பத்திரமாக இருக்கட்டும் என்று மேலே வைத்ததே வினையாகிப் போனது.

மிச்சம் பிஎஸ்பி. பின்மூடியைத் திறந்தால் பேட்டரி ஊதி இருந்தது. ஊதிய லித்தியம் பேட்டரியைக் குத்தக் கூடாது, அமுக்கக் கூடாது, சார்ஜ் போடவும் கூடாது. மகன் மெதுவாகக் கழற்றித் தனியாக வைத்தான், மின்கழிவு வாங்குபவரிடம் கொடுக்க. பேட்டரி இல்லாமலும் அந்தக் கருவி சார்ஜரில் நேரடியாக ஓடும். ஆனால் சார்ஜர் வயரை எலி கடித்திருந்தது.

"கொண்டா அத இங்க" என்றார் அப்பா.

வயரைப் பட்டறைக்கு எடுத்துப்போனார். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, செம்பை உரித்து, ஈயம் வைத்துப் பற்றவைத்தார். மீட்டரை வைத்துப் பார்த்தார். 5 வோல்ட். "ஓடும்டா" என்றார். கேம் டப்பா என்று பதினேழு வருடமாகத் திட்டிய மனிதர், அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

திரை ஒளிர்ந்தது. வீடியோ பகுதியில் ஒரே ஒரு கோப்பு. மகன் அதைத் திறந்து பார்க்கக்கூட நேரம் எடுக்காமல், யுஎஸ்பி வயரை மாட்டி முதலில் லேப்டாப்புக்கு இறக்கினான். பிறகு டிவியில் போட்டான்.

4.3 அங்குலத் திரைக்காகச் சுருக்கிய படம். பெரிய டிவியில் மசமசவென்றுதான் தெரிந்தது. தாலி கட்டியாகிவிட்டது. பந்தி தொடங்கியது. அப்பத்தா இலை இலையாகப் பார்த்துக்கொண்டே வருகிறார். கேமரா தன்னைப் பிடிப்பதைக் கவனித்ததும் நேராக வீடியோக்காரரிடம் வருகிறார்.

"என்னைய எதுக்குப் புடிக்கற? நீ சோறு உண்டயா கண்ணு? மொதல்ல போயி உண்டுட்டு வா."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். "இன்னொருக்கா அந்த எடத்துக்குக் கொண்டா" என்றார். நான்கு முறை கொண்டுபோனான்.

மூன்று மணி நேரக் கல்யாணத்தில் இன்று மிஞ்சியிருப்பது அப்பத்தா கேட்டு வாங்கிய நாற்பது நிமிடமும் டிவிடியில் ஓடிய அந்தப் பத்து நிமிடமும்தான்.

பாட்டும் படமும் இப்போது பெரும்பாலும் டிஸ்க்கில் வருவதில்லை. மாதச் சந்தாவில் வருகின்றன, வசதிதான். ஆனால் காசு கொடுத்து வாங்கியதும் கையில் நிற்கும் என்று சொல்ல முடியாது. பிளேஸ்டேஷன் ஸ்டோர் 2021 ஆகஸ்ட் 31-ம் தேதியோடு சினிமா, டிவி நிகழ்ச்சிகளை விற்பதை நிறுத்தியது. 2023 டிசம்பரில், அதில் வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் வாங்கியவர்களின் பட்டியலிலிருந்தே நீக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பிய பின், குறைந்தது 30 மாதங்களுக்கு இருக்கும் என்று மாற்றினார்கள். ஐபாட்டின் கதையையும் ஆப்பிள் 2022 மே மாதம் முடித்துக்கொண்டது. போன படத்தை எங்காவது தேடிப் பிடித்துவிடலாம். அப்பத்தா பந்தி விசாரிக்கும் வீடியோவை எந்தச் செயலியும் விற்காது.

உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி ஒரு கட்டு இருக்கலாம். விசிடியைக் கம்ப்யூட்டரில் போட்டு, எம்பெக்ஏவி என்ற ஃபோல்டரைத் திறந்தால் டிஏடி என்று முடியும் பெரிய கோப்பு இருக்கும். கல்யாணம் அதற்குள்தான் இருக்கிறது. விஎல்சி போன்ற பிளேயரில் நேரடியாக ஓடும். டிஸ்க் படிக்கும்போதே அதை ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, வேறு வீட்டில் ஒன்று எனப் பிரதி எடுத்து வைத்துவிடுவது நல்லது. சில வருடத்துக்கு ஒருமுறை புதிய கருவிக்கு மாற்றுவதும் அவசியம். எந்த மெஷினும் நிரந்தரமில்லை.

அன்று மாலையே கோப்பு அவிநாசிக்குப் போனது. அரை மணி நேரம் கழித்து அத்தை போன் செய்தார். பேச்சே வரவில்லை. பின்னால் கல்யாணப் பெண் யாரிடமோ சொல்வது மட்டும் கேட்டது. "அம்மாயி வீடியோக்காரரச் சாப்பிடச் சொல்லுதுங்க!"

மறுநாள் காலையில் தெருவில் பழைய இரும்புக்காரர் குரல் கேட்டது. மகன் அப்பாவைப் பார்த்தான்.

அட்டைப்பெட்டியைத் தூக்கிப் பட்டறை மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு அப்பா சொன்னார்: "இரும்ப மட்டும் போடு."