சுவர்ப்பக்கம் திரும்பிய கிழவர்

முதுகலை படித்த நாட்களில், விடுதி அறையில் ஒரே இரவில் வாசித்து முடித்த குறுநாவல் ஜான் ஸ்டைன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' (1937). ஊர் ஊராகக் கூலிவேலை தேடி அலையும் ஜார்ஜும், பேருடலும் குழந்தை மனமும் கொண்ட லென்னியும் மட்டுமே அன்று என் நினைவில் நின்றார்கள். அப்பாவின் மறைவுக்குப் பின் மீண்டும் வாசித்தபோது, கேண்டி என்னும் கிழவரைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.

கலிபோர்னியாவின் சொலிடாட் அருகே ஒரு பண்ணை. பெருமந்தக் காலம். கூட்டிப் பெருக்கும் வேலையிலிருக்கும் கேண்டிக்கு, பண்ணையில் ஒரு கையை இழந்ததற்கு ஈடாகக் கிடைத்தது 250 டாலர். துணையென்று இருப்பது, குட்டியிலிருந்து வளர்த்த கிழட்டு நாய். அதன் நாற்றம் பொறுக்காத கார்ல்சன் சுட்டுவிடலாம் என்கிறான். கேண்டி ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார். எல்லோரும் மதிக்கும் ஸ்லிம்கூட அதுவே சரி என்கிறான். கேண்டி இணங்குகிறார். கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பவர், வெடியோசை கேட்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். நானே சுட்டிருக்க வேண்டும், வேற்றாளிடம் விட்டிருக்கக் கூடாது என்று பின்னர் ஜார்ஜிடம் வருந்துகிறார்.

முரண்களை வகைபிரித்துச் சொல்வது வகுப்பறை வழக்கம். லென்னியை வலியச் சண்டைக்கு இழுக்கும் கர்லியிடம் மனிதனுக்கும் மனிதனுக்குமான முரணைக் காட்டலாம். கறுப்பர் என்பதால் சேணக்கொட்டிலில் தனித்து வாழும் க்ரூக்ஸிடம் சமூகத்துடனான முரணைக் காட்டலாம். சொந்த நிலம் என்னும் கனவில் தனக்கும் இடம் கேட்கும் க்ரூக்ஸ், கர்லியின் மனைவி தூக்குக் கயிற்றை நினைவூட்டியதும் கேட்டதையே திரும்பப் பெற்றுக்கொள்கிறார். மிரட்டும் அவளுக்கோ ஆசிரியர் ஒரு பெயர்கூடத் தரவில்லை. தன்னோடு தான் கொள்ளும் முரண் மட்டும் கேண்டியின் வருத்தத்தில் முளைத்து, ஜார்ஜின் கையில் முடிகிறது. வெறியோடு தேடிவரும் கூட்டத்திடம் நண்பனை விடாமல், கார்ல்சனின் அதே துப்பாக்கியால், நாயைச் சுட அவன் சுட்டிக்காட்டிய அதே பிடரியில், லென்னியைத் தானே சுடுகிறான் ஜார்ஜ்.

அப்பாவின் இறுதி நாளில், செயற்கைச் சுவாசத்தைத் தொடர்வதா என்று மருத்துவர் கேட்டார். மூத்தவன் நான். "நீ சொன்னால் சரிடா" என்று தம்பியிடம் சொல்லிவிட்டுத் தாழ்வாரத்துக்கு வந்து, சன்னல்பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். கையெழுத்திட்டவன் அவன். அதைப்பற்றி இன்றுவரை நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

என்னைக் கேண்டியாக எண்ணிக்கொண்டே சில நாள் துயருற்றிருந்தேன். நாவலின் கடைசிப் பக்கம்தான் என்னைத் திருத்தியது. ஜார்ஜுக்கு என்ன நேர்ந்ததென்று கார்ல்சனுக்கு விளங்கவில்லை. ஸ்லிம் மட்டும் அருகில் வந்து அமர்கிறான், வேறு வழியில்லை என்கிறான், உடன் அழைத்துச் செல்கிறான். கேண்டியாக நின்றதை இனி மாற்ற முடியாது. தம்பிக்கு ஸ்லிம்மாக இருப்பதற்கு இன்னும் காலம் இருக்கிறது.