அச்சு சறுக்கிய காசு

ஓயாமல் காசு கைமாறும் ஊர் எது என்று கேட்டால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முதலில் பழனிதான் நினைவுக்கு வரும். பஞ்சாமிர்தக் கடை, பூக்கடை, தேநீர்க் கடை, செருப்புக் காவல் எல்லாமே சில்லறையில் ஓடுகிற தொழில்கள். பிழை நாணயங்களைப் பற்றிப் புதியவர்களுக்கு ஒரு சிறு கையேடு எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த நான், அதனால்தான் அடிவாரத்தில் போய் இறங்கினேன். பிழைகளின் பெயர்ப்பட்டியல் புத்தகத்திலேயே கிடைத்துவிடும். காசை அள்ளி அள்ளிக் கை காய்த்தவர்களுக்கு எது கண்ணில் படும், எது படாது என்பதை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

கடைவீதியை ஒட்டிய சந்தில் சில்லறை மாற்றிக் கொடுக்கும் ஓர் அம்மாவைப் பிடித்தேன். சாக்குத் துணியில் காசைக் கொட்டி, இரண்டு கையாலும் பரப்பி, பேசிக்கொண்டே பிரிக்கிறார். ஐந்து ரூபாயைத் தடிமனில் கண்டுபிடிக்கிறார், பத்தை இரண்டு நிறத்தில், இருபதைப் பன்னிரண்டு மூலையில். ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் வருகிறபோதுதான் பார்வை கீழே இறங்குகிறது. 25 மில்லிமீட்டர் அகலமும் 4.85 கிராம் எடையும் பழைய எஃகு ஒரு ரூபாய்க்கும் உண்டு, 2011 வரிசையில் வந்த இரண்டு ரூபாய்க்கும் உண்டு. கைக்கு வித்தியாசம் தெரியாது; எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

“கையை நம்பிக் கண்ணை மூடினா அன்னைக்கு நஷ்டம்தாங்க” என்றார்.

அவர் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின். யாரும் வாங்காத காசெல்லாம் அதற்குள் போகிறது. எனக்கு வேண்டியது அந்த டின்தான். துளை போட்டது, டாலராக்கிப் பற்றவைத்தது, தீயில் கறுத்தது, சுத்தியலால் நசுங்கியது. ஒன்று கொழுக்கட்டை இலைபோல நீண்டு மெலிந்து கிடந்தது. எழுத்துகளும் கூடவே இழுபட்டிருந்தன. கொடைரோடு பக்கம் பிள்ளைகள் தண்டவாளத்தில் காசு வைத்துவிட்டு ரயிலுக்குக் காத்திருப்பது இன்றும் நடக்கிற விளையாட்டு. இவை எதுவும் பிழை நாணயம் ஆகாது. காசு அச்சுச்சாலையை விட்டு வெளியே வந்த பிறகு அதற்கு நேர்ந்த கதி இது. இணையத்தில் ‘அபூர்வப் பிழை’ என்று விலை சொல்லப்படுகிறவற்றில் பலவும் இந்த டின்னைச் சேர்ந்தவைதான்.

டின்னின் அடியில் ஓர் ஒரு ரூபாய் கிடந்தது. விளிம்பில் பிறை வடிவில் ஒரு துண்டு இல்லை. “யாரோ வெட்டிட்டாங்க” என்று ஒதுக்கியிருக்கிறார். லென்ஸை வைத்துப் பார்த்தேன். வெட்டுப்பட்ட இடத்துக்கு நேர் எதிரே, மறுகோடியில், விளிம்பு மேடு கட்டாமல் மழுங்கியிருந்தது. துப்பு அங்கேதான். நாணயத்துக்கான வில்லைகளை நீளமான உலோகப் பட்டையிலிருந்து குத்தி எடுக்கிறார்கள். வீட்டில் மாவைத் தேய்த்து டப்பா மூடியால் தட்டை வெட்டும்போது, மூடி முந்தைய ஓட்டையின் மேல் கொஞ்சம் ஏறிவிட்டால் பிறை குறைந்த தட்டை வருமே, அதேதான். அந்த வில்லை அடுத்ததாக விளிம்பு உயர்த்தும் இயந்திரத்துக்குப் போகிறது. அங்கே இரண்டு பக்கமும் நெருக்கினால்தான் விளிம்பு எழும்பும். குறைந்த பக்கத்தில் அழுத்தம் பிடிக்காது. அதனால் எதிர்ப்பக்கமும் எழும்பாது. அரத்தால் அறுக்கிறவன் இந்தப் பக்கத்தை அறுக்கலாம், அந்தப் பக்கத்து விளிம்பை மழுங்கவைக்க அவனால் ஆகாது.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எவ்வளவுக்குப் போகும்?” என்றார். இப்படி ஓரம் குறைந்த காசைக் கிளிப் என்பார்கள்; சின்னக் கிளிப்புக்குப் பெரிய விலை கிடையாது என்றேன். சிரித்துக்கொண்டே அதை டின்னில் போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டார்.

பத்து ரூபாய்க் காசைப் பற்றி அவரிடம் ஒரு பாடு கதை இருக்கிறது. சில வருஷம் இந்தப் பக்கத்தில் அதைத் தொடவே மாட்டோம் என்றார்கள். கோடுகள் பத்து இருந்தால் நல்லது, பதினைந்து இருந்தால் கள்ளக்காசு, ரூபாய்க் குறி இல்லாவிட்டால் செல்லாது என்று ஆளுக்கொரு தீர்ப்பு. கடைசியில் ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில், அதுவரை வெளிவந்த 14 வடிவங்களும் செல்லும் என்று அறிவிப்புக் கொடுத்தது. ரூபாய்க் குறியே 2010இல்தான் ஏற்கப்பட்டது. அதற்கு முன் அடித்த காசில் அது எப்படி இருக்கும்? புதிதாகச் சேகரிக்க வருகிறவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள். மும்பை அச்சுச்சாலைக் காசில் ஆண்டுக்குக் கீழே வைரக்குறி இருக்கும், ஹைதராபாத்தில் நட்சத்திரம், நொய்டாவில் வட்டப் புள்ளி. கொல்கத்தாவில் குறியே கிடையாது. குறி இல்லாத காசைப் பார்த்ததும் பிழை கிடைத்துவிட்டது என்று துள்ளுகிறார்கள். 2007 வாக்கில் வந்த எஃகு ஐந்து ரூபாய் காந்தத்தில் ஒட்டும். பிறகு வந்த நிக்கல் பித்தளை ஐந்து ரூபாய் ஒட்டாது. இரண்டும் சரியான காசுதான்.

அந்த அம்மாவே எனக்கு ஆள் காட்டினார்: வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மலைக்கோயில் உண்டியல் எண்ணிக்கையில் பல வருஷம் உட்கார்ந்தவர். திண்ணையில் பேசினோம். கார்த்திகை மண்டபத்தில் கோயில் பணியாளர்கள், வங்கி ஊழியர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று வரிசையாக உட்கார்ந்து எண்ணுவதை அவர் சொல்லச் சொல்ல, அந்தக் காசின் தன்மையே வேறு என்று புரிந்தது. கடைத்தெருக் காசு ஓடிக்கொண்டே இருப்பது. உண்டியலுக்கு வரும் காசில் ஒரு பங்கு வருஷக்கணக்கில் வீட்டிலேயே காத்திருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமிப் படத்தடியில் வைக்கிறார்கள். நேர்த்திக்கடனைச் செலுத்த எப்போதோ பழனிக்கு வருகிறார்கள். அதனால் 2011 ஜூன் முடிவோடு செல்லாமற்போன நாலணா அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தது என்றார். திருநீறும் சந்தனமும் அப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருமாம்.

“விரல் ஓடிட்டே இருக்கும் தம்பி. ஒரு காசு மாறியிருந்தா அந்த இடத்துல விரல் தட்டும். என்னன்னு மூளைக்கு அப்புறம்தான் தெரியும்.”

தட்டிய காசுகளில் ஒன்றை அவர் மறக்கவில்லை. ஓர் எட்டணா; சின்னம் நடுவில் இல்லாமல் ஒருபக்கமாக ஒதுங்கி, மறுபக்கம் வழவழவென்று வெறுமையாக இருந்ததாம். வில்லை அச்சுக்கு நடுவே சரியாக உட்காராதபோது விழுகிற அடி அது. என்ன செய்தீர்கள் என்றேன். “குவியல்ல போட்டேன். சிவன் சொத்து குலநாசம்னா, மகன் சொத்துக்கு மட்டும் தள்ளுபடியா?” என்றார். எடுத்திருந்தால் அது திருட்டு. கையேட்டில் காசை எங்கே தேடலாம் என்ற பக்கத்தில், அடுத்தவர் எண்ணக் கொடுத்த காசில் தேடக் கூடாது என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்.

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு மலைப்பாதையில் 64 கிலோமீட்டர். மேலே, குறிஞ்சியாண்டவர் கோயிலுக்குப் போகும் வழியில், ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை வசிக்கிறார். பிழை நாணயங்களை மட்டுமே சேர்ப்பவர். வானம் வெளுத்திருந்தால் அந்தக் கோயிலிலிருந்து கீழே பழனி மலை தெரியும். நான் போன அன்று எதிர் வீடே தெரியவில்லை. டீச்சரின் முதல் எதிரி இந்த மஞ்சுதான். மலிவான பிளாஸ்டிக் உறைகளில் போட்ட செம்பு நிக்கல் காசுகள் ஈரத்தில் பச்சை பூத்துவிடும் என்று, அமிலமில்லாத அட்டைகளில் வைத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டிருக்கிறார். கழுவுவது, தேய்ப்பது, புளி போட்டு விளக்குவது எதுவும் கூடாது என்பது அவர் வீட்டுச் சட்டம். விளக்கிய காசில் நுண்கோடுகள் விழுந்துவிடும். பிறகு எது அச்சில் வந்தது, எது கையில் வந்தது என்று பிரிக்க முடியாது.

அவருடைய பெட்டி மூன்று தட்டு. வில்லையில் நேர்ந்தது, அச்சில் நேர்ந்தது, அடியில் நேர்ந்தது. முதல் தட்டில் கிளிப்பும், பட்டையின் உலோகம் சரியாகக் கலக்காததால் மேல்தோல் உரிந்த காசும். இரண்டாவதில் அச்சு விரிசல். எஃகு அச்சு ஓயாத அடியில் வெடிக்கும். வெடித்த பள்ளத்துக்குள் உலோகம் ஏறுவதால் காசில் அது மேடான கோடாக நிற்கும். கீறல் என்றால் பள்ளமாக இருக்கும். நகத்தால் தடவினாலே போதும். திரும்பிய அச்சும் இந்தத் தட்டில்தான். நம் காசைப் புத்தகப் பக்கம் புரட்டுவதுபோல இடவலமாகப் புரட்டினால் இரண்டு பக்கமும் நிமிர்ந்தே நிற்க வேண்டும்; மறுபக்கம் சாய்ந்தோ தலைகீழாகவோ வந்தால் அச்சு இருக்கையில் திரும்பியிருக்கிறது.

மூன்றாவது தட்டிலிருந்து ஓர் இரண்டு ரூபாயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் அசோகச் சிங்கம் ஒழுங்காக எழும்பி நின்றது. திருப்பினால் எண் இருக்க வேண்டிய இடத்தில் அதே சிங்கம், உள்ளே குழிந்து, எழுத்தெல்லாம் இடவலம் மாறி. வியாபாரிகள் ‘லக்கி’ என்பது இதைத்தான். புரோக்கேஜ் என்பது புத்தகப் பெயர். நிமிடத்துக்குப் பல நூறு காசு அடிக்கும் இயந்திரத்தில் ஒரு காசு வெளியேறாமல் அச்சிலேயே ஒட்டிக்கொள்கிறது. அடுத்த வில்லைக்கு அதுவே அச்சாகிவிடுகிறது.

“இப்போ இதைப் பாருங்க” என்று இன்னொன்றைக் கொடுத்தார். இதிலும் குழிந்த எழுத்து இருந்தது. ஆனால் அதன் அடியில் பழைய எண்ணின் நசுங்கிய தடமும் தெரிந்தது. மறுபக்கச் சிங்கத்துக்கு முகம் தட்டையாகியிருந்தது. இரண்டு காசை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பட்டறையில் நெருக்கியது. விலை கொடுத்து வாங்கியதாம். பாடத்துக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

விலைப் பேச்சு வந்தால் டீச்சருக்குக் கோபம் வந்துவிடுகிறது. 2012இல் மாதா வைஷ்ணோ தேவி உருவத்தோடு வந்த ஐந்து, பத்து ரூபாய்க் காசுக்கு லட்சக்கணக்கில் தருவார்கள் என்ற வீடியோக்களை நம்பி, அவரிடமே கேட்டு வருகிறவர்கள் உண்டு. பழைய காசை வாங்குவதாக ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணம் கறக்கும் கும்பல்களைப் பற்றி 2021 ஆகஸ்டில் வங்கியே எச்சரித்திருக்கிறது. “காசு வாங்குறவன் நம்மகிட்ட முன்பணம் கேட்டா, அங்கேயே எந்திரிச்சிடணும்” என்பது டீச்சர் வாக்கு.

கிளம்பும் முன் ஒரு ராஜராஜன் செப்புக்காசைக் காட்டினார். உருவம் ஓரத்தில் சரிந்து, பாதி வட்டத்துக்கு வெளியே போயிருந்தது. இதுவும் பிழையா என்றேன். கையால் அடித்த காலத்தில் இரண்டு காசு ஒன்றுபோல இருக்காது. நடுவில் விழாததை அன்று யாரும் குறையாக நினைக்கவில்லை என்றார். வில்லையைப் பிடித்து நிறுத்த வளையமும், அடிக்கு அடி மாறாத இயந்திரமும் வந்த பிறகே பிழைக்கு மதிப்பு வந்தது. பிழை நாணயத்தைப் பார்ப்பது என்றால் இயந்திரத்தைப் பார்ப்பது. அதன் எந்தப் படியில் கால் இடறியது என்று காசைக் கொண்டே சொல்வது. எந்தப் படியிலும் நடக்க முடியாத ஒன்று காசில் இருந்தால், அதைச் செய்தது மனிதக் கை.

இதை வைத்துக் கையேட்டின் வரிசையை மாற்றிவிட்டேன். பெயர்ப்பட்டியல் பின்னால் போய்விட்டது. விலைப் பக்கம் இல்லை. முதல் பாடத்தில் பிழைக் காசே கிடையாது: வீட்டுச் சில்லறையிலிருந்து ஐம்பது காசுகளை எடுத்து, ஆண்டுவாரியாகவும் அச்சுச்சாலைவாரியாகவும் பிரிக்க வேண்டும், ஒவ்வொன்றையும் இடவலமாகப் புரட்ட வேண்டும், விளிம்பைத் தடவ வேண்டும், காந்தம் காட்ட வேண்டும், சின்னத் தராசில் நிறுக்க வேண்டும். ஒரு மாதம் இதைச் செய்தவருக்குக் காசாளர் சொன்ன அந்தத் தட்டல் விரலுக்கு வந்துவிடும். இரண்டாம் பாடத்தை அதன் பிறகு திறந்தால் போதும்.